கணக்கு கேட்கப்படும் 125 பேர்

"நம்ம வரிப்பணத்துல லண்டன் போவான், படிப்பான், அப்படியே அங்க செட்டில் ஆயிடுவான். நமக்கு இதுல என்ன லாபம்?" அரசு உதவித்தொகையில் வெளிநாடு போகும் பிள்ளைகளின் படம் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர்; அரசுப் பணம் வீணாகக் கூடாது என்று மனதார நினைக்கிறவர். அவருடைய மகனோ மருமகளோ டெக்சாஸில் இருப்பதும் உண்டு. அதைச் சொன்னால், "அது எங்க சொந்தக் காசு சார்" என்பார். அது எவ்வளவு தூரம் சொந்தக் காசு என்பதற்குப் பிறகு வருவோம்.

இந்தப் பேச்சு திண்ணையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விதிகளை எழுதும் மேசைவரை போய் அது உட்கார்ந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது அரசு செய்யும் தருமம், வாங்கியவன் திரும்பி வந்து நன்றிக்கடன் தீர்க்க வேண்டும், வராவிட்டால் ஏமாற்றுக்காரன். நம் உதவித்தொகைத் திட்டங்களைப் பத்தி பத்தியாகப் படித்துப் பாருங்கள், இந்த நினைப்பின் வாடை அடிக்கும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தலைகளை எண்ணிவிடலாம். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55இல் தொடங்கியது. எழுபது ஆண்டு கழித்து அதில் இருப்பது ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115, சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் சேர்த்து 6, நிலமில்லாத விவசாயக் கூலிகள் மற்றும் பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 4. பழங்குடியினர் நல அமைச்சகம் தனியாக 20 பேருக்குத் தருகிறது. ஆக மொத்தம் 145. அத்தனை பேரும் நான்காண்டு முனைவர் படிப்புக்கே போகிறார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு நேரத்தில் வெளிநாட்டில் இருக்கக்கூடியவர்கள் 580 பேர். வெளியுறவு அமைச்சகம் 2024இல் கொடுத்த கணக்கின்படி வெளிநாடுகளில் படிக்கும் இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். விமானம் ஏறும் இரண்டாயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் ஒருவர்தான் இந்த ஒன்றியத் திட்டங்களில் போகிறவர், அவர்கூடச் சந்தேகம். நாட்டின் மூளை வடிகிறது என்ற பெருங்கவலையில் நம் கண்ணில் படுவது அந்த ஒருவர் மட்டும்.

மாநிலங்களும் தருகின்றன. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தெலங்கானாவில் அம்பேத்கர் பெயரிலான வித்யாநிதி 20 லட்சம் தருகிறது. மகாராஷ்டிரத்தில் ராஜர்ஷி ஷாகு மகாராஜ் பெயரில் ஒரு திட்டம். ஜார்க்கண்டில் ஜெய்பால் சிங் முண்டா பெயரில் ஒன்று. 2021இல் அதன் முதல் அணியில் போனவர்கள் ஆறே பேர். (ஜெய்பால் சிங்கும் நம் கணக்குக்காரர்களுக்கு உவப்பான ஆள் இல்லை. ஆக்ஸ்போர்டில் படித்து ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்க விடுப்புக் கிடைக்காமலே போய்விட்டார். பிறகு அந்த வேலையே வேண்டாம் என்று உதறினார். அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக நின்றவர் அவர்.) மாநிலத் திட்டங்களில் போகும் இவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் வெளிநாட்டில் படிக்கும் இந்தியர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தொடுமா என்பது சந்தேகமே.

பணத்தையும் பார்த்துவிடுவோம். 2024-25இல் இந்தியக் குடும்பங்கள் வெளிநாட்டுப் படிப்புக்கென்று வங்கிகள் வழியாக அனுப்பிய தொகை ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி சுமார் 290 கோடி டாலர். நம் காசில் ஏறக்குறைய 25,000 கோடி ரூபாய். ஒன்றியத் திட்டத்தின் 125 பேருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் என்று கொடுத்தாலும் ஆவது அறுபத்திரண்டரைக் கோடி. முன்னதற்கு 'கல்வியில் முதலீடு' என்று பெயர் வைத்திருக்கிறோம். பின்னதைச் சலுகை என்கிறோம்.

இப்போது அந்தச் 'சொந்தக் காசு'. வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. உயர்கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள்வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு கிடையாது. படிப்பு வெளிநாட்டில் என்றாலும் செல்லும். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க மகனுக்கு 50 லட்சம் கடன் வாங்கி, பத்து சதவீத வட்டி கட்டும் அப்பா 30 சதவீத வரிப் படியில் இருந்தால், பழைய வரிமுறையில் முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்ச ரூபாய் வரியை அரசு விட்டுக்கொடுக்கிறது. அந்த மகன் திரும்பி வருவானா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஜாமீன்தாரர் வேண்டாம். நன்றி அறிவிப்பும் வேண்டாம். விட்டுக்கொடுத்த வரிக்குச் செய்தித்தாளில் படம் போடுவதில்லை, ஆகவே அது உதவியாக யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வருமான வரியே கட்டாத கூலித் தொழிலாளிக்கு இந்தப் பிரிவால் ஒரு பைசா பயன் இல்லை.

இந்தக் கணக்கில் ஐ.ஐ.டி.களையும் சேர்க்க வேண்டும். மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் அவை; மாணவர் கட்டும் கட்டணம் செலவின் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். 2010ஆம் ஆண்டு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் முதல் ஆயிரம் இடங்களைப் பிடித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆயிரம் பேரில் 36 சதவீதம் வெளிநாடு போய்விட்டார்கள். முதல் நூறு பேரில் 62 சதவீதம். இவர்களில் ஒருவரையும் நாம் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவர்களில் ஒருவர் கூகுளில் தலைமைப் பொறுப்புக்கு வந்தால் தெருவுக்குத் தெரு இனிப்பு வழங்குவோம். அரசுப் பணத்தில் படித்து வெளிநாட்டில் தங்குவது குற்றம் என்றால் எல்லாருக்கும் குற்றமாக இருக்கட்டும். எல்லாருக்கும் இல்லையென்றால் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் போகும் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும்?

இங்கே பழைய கதைகள் சிலவற்றைப் பேச வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த கதைகள்தான், ஆனால் அவற்றை யாரும் உதவித்தொகைக் கோப்பாகப் படித்துப் பார்ப்பதில்லை.

1914 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 26 வயதில் கப்பலேறியவர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. தோற்றவர். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து மறுபடியும் தோற்றவர். துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் கொடுத்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குப் போக ஏற்பாடு. இன்றைய ஒன்றியத் திட்டத்தின் விதி, தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் கேட்கிறது. ராமானுஜனின் விண்ணப்பம் இணையதளத்தின் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியிருக்காது. ஐந்தாண்டு கழித்து நோயாளியாகத் திரும்பி வந்தார், 1920இல் இறந்துபோனார். பல்கலைக்கழகத்தின் சேவையில் பத்தாண்டு உழைத்துக் கொடுத்தாரா என்று கேட்டால், இல்லை.

1930இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். போகும் வழியில், கப்பலிலேயே, வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு பற்றிய கணக்கைப் போடத் தொடங்கிவிட்டார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1983இல் நோபல் பரிசு வந்தபோது நாம் யாரும், "எங்கள் காசில் போனவர், திரும்பவே இல்லை" என்று ரசீதை எடுத்து நீட்டவில்லை. நம்ம ஊர்க்காரர் என்றுதான் பெருமையடித்துக்கொண்டோம். இருவரும் எந்தச் சாதிக்காரர்கள் என்பது இதில் ஒரு காரணமா என்று கேட்டால் கோபம் வரும். வரட்டும். அவர்களுக்குக் கிடைத்த இந்தத் தாராளம் அவர்களோடு நின்றுபோனது ஏன் என்பதற்கு வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாமவர் கதைதான் முக்கியம். 1913இல் பரோடா சமஸ்தானத்தின் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், பீமராவ் அம்பேத்கருக்கு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்தார். படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடாவில் பணியாற்றுவேன் என்று அம்பேத்கர் கையெழுத்திட்டார். ஆமாம், இன்றைக்கு நாம் சொல்லும் அதே பாண்டு. கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய், உதவித்தொகை தீர்ந்ததும் 1917இல் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். மன்னர் நல்லவர், உயர்ந்த பதவியும் கொடுத்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்டார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பரோடாவை விட்டுக் கிளம்பிவிட்டார். பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுகூட நிறைவேறவில்லை.

பரோடா சமஸ்தானத்துக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் அம்பேத்கர் பாண்டை முறித்தவர், வராத கடன். அந்தக் கணக்குப்பிள்ளை இன்றும் ஓய்வுபெறவில்லை என்றுதான் தோன்றுகிறது. 'திரும்பி வருவானா' என்று கேட்கிறவர்கள் அம்பேத்கர் திரும்பி வந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவருக்குத் தங்க ஓர் அறை கொடுக்காத ஊர், வராதவரிடம் விசுவாசம் பற்றிப் பேச வாயே திறக்கக் கூடாது. அந்த உதவித்தொகையால் பரோடாவுக்கு என்ன கிடைத்தது? சில மாத வேலை. இந்தியாவுக்கு? அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் அந்த லாபம் எழுதப்படவில்லை, எழுதவும் முடியாது.

வெளிநாட்டுப் படிப்பு எதற்காக என்று அம்பேத்கருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்தபோது, தன் மக்களில் சிலரையாவது அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசுச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அதை அவர் தருமமாகக் கேட்கவில்லை. அதிகாரத்தின் மேல்படிகளில் தம் மக்கள் அமர வேண்டும் என்ற அரசியல் கோரிக்கையாகவே கேட்டார்.

"அதெல்லாம் சரி, வெளிநாடு போக ஆசைப்பட்டால் வங்கிக் கடன் வாங்கிப் போகட்டுமே, மற்றவர்கள் போகவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. நியாயம் போலத்தான் தெரியும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம், நகரத்து மனை. கேட்டது அப்பாவிடம் இருந்தால் கடன். இல்லாவிட்டால் வட்டி அதிகம் வாங்கும் தனியார் நிதி நிறுவனம், அதுவும் சில படிப்புகளுக்கு, சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட குடும்பத்திடம் போய், நிலப் பத்திரம் கொண்டு வா, படிக்க வைக்கிறேன் என்பதில் இருக்கும் குரூரம் வங்கிக்குப் புரியாது. அது அதன் வேலையும் இல்லை. அரசுக்குப் புரிய வேண்டும். கடன் முறை யாரைச் சலித்து எடுக்கிறது என்றால், ஏற்கெனவே சொத்து உள்ளவர்களை. படிப்பில் முந்தியவர்களை அது சலித்து எடுப்பதே இல்லை.

தகுதியைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு: "கோட்டாவில் அனுப்புகிறார்கள்." அட்மிஷனைத் தருவது சென்னையிலும் டெல்லியிலும் உள்ள அரசு அலுவலகம் இல்லை ஐயா. லீட்ஸும் மெல்போர்னும் மிச்சிகனும் தருகின்றன. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால்தான் ஒன்றியத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும். மிச்சிகன் பேராசிரியருக்குக் கீழ்வெண்மணி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர் பார்த்தது மதிப்பெண்ணையும் ஆய்வுத் திட்டத்தையும் மட்டும்தான்.

இன்னொரு வாதம் இவற்றைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஒருவருக்குச் செலவழிக்கும் 36 லட்சத்தில் இங்கே ஐம்பது முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கலாமே, விடுதிகளில் கழிவறை கட்டலாமே என்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளின் நிலைமை தெரிந்த யாருக்கும் இந்தக் கேள்வி உறைக்கும். ஆனால் இதைக் கேட்பவர்கள் எதை எதற்கு எதிராக நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். விடுதிக் கழிவறைக்கான பணத்தை விமான நிலையத்திலிருந்தும் மேம்பாலத்திலிருந்தும் எடுக்கலாம். அதை எடுக்கச் சொல்வதில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கான ஒரு செலவை ஒடுக்கப்பட்டவனுக்கான இன்னொரு செலவோடு மோதவிடுகிறார்கள். மேலும், ஆயிரம் பேர் பட்டம் வாங்கினாலும் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமை நாற்காலிக்கும் சர்வதேச ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவுக்கும் ஒருவர்கூடப் போகாவிட்டால், அந்த ஆயிரம் பேரைப் பற்றி எழுதப்போகிறவர்கள் மற்றவர்களாகவே இருப்பார்கள். கீழே அகலமும் வேண்டும், மேலே உயரமும் வேண்டும். மற்ற சாதியினரின் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும் என்பதில் நமக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

திரும்பி வருவதற்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் போய் முட்டுகிறது. மாணவர்கள் திரும்புவதும் திரும்பாததும் பாண்டுப் பத்திரத்தைப் பொறுத்ததா? சீனாவைப் பாருங்கள். 1978இல் டெங் சியாவோபிங், மாணவர்களைப் பத்துப் பத்தாக இல்லை, ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்றார். தொடக்கத்தில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதற்காக அனுப்புவதை நிறுத்தவில்லை. உள்நாட்டில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக் கூடங்களையும் வளர்த்தார்கள், பிறகு மாணவர்கள் திரும்பினார்கள். பிரேசில் நேர் எதிர்ப் பாடம். 2011இல் எல்லைகளற்ற அறிவியல் என்ற பெயரில் ஒரு லட்சம் உதவித்தொகை அறிவித்தது. திரும்பி வரவேண்டும் என்பது நிபந்தனை. ஆங்கிலம் தெரியாத மாணவர்கள் போர்ச்சுகலுக்கே குவிந்ததால் 2013இல் போர்ச்சுகலைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் பணம் வற்றி, இளங்கலை மாணவர்களை அனுப்புவது நின்றுபோனது. மாணவர்கள் திரும்பாததால் அது படுக்கவில்லை. ஆயத்தமில்லாமல் அவசரப்பட்டதால் படுத்தது. கஜகஸ்தானின் போலாஷாக் திட்டம் 1993 முதல் நடக்கிறது. அங்கே சொத்துப் பிணையம் கேட்கிறார்கள். சொத்துள்ளவன் பிள்ளைக்குத்தானே அது வசதி?

சரி, இங்கே திரும்பி வருகிறார் ஒருவர் என்று வையுங்கள். எடின்பரோவில் முனைவர் பட்டம் வாங்கியவர். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் அவருக்குக் காத்திருப்பது என்ன? கௌரவ விரிவுரையாளர் வேலை, மாதம் 25,000 ரூபாய். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024இல் அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. நிரந்தர வேலைக்கான கதவை வருடக்கணக்கில் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே வராதவனை நன்றி கெட்டவன் என்பது என்ன ஞாயம் என்று தெரியவில்லை.

வேலை விஷயத்தில் நம் விதிகள் இன்னும் விநோதம். வெளிநாட்டில் முனைவர் பட்ட மாணவர்கள் வகுப்பெடுத்தோ ஆய்வு உதவியாளராகவோ சம்பாதிப்பது வழக்கம். அது அவர்கள் பயிற்சியின் பாதி. ஒன்றியத் திட்டத்தின் விதியில், அமெரிக்காவில் ஆண்டுக்கு 2,400 டாலருக்கு மேல், இங்கிலாந்தில் 1,560 பவுண்டுக்கு மேல் அப்படிச் சம்பாதித்தால், கூடுதல் தொகை வாழ்க்கைச் செலவுப் பணத்திலிருந்து பிடித்தம். உழைத்தால் தண்டனை. படிப்பு முடிந்தபின் சில காலம் அங்கேயே வேலை பார்த்துக் கைத்தேர்ச்சி பெறுவதைத் தப்பியோட்டம் போலவே பார்க்கிறோம். இங்கிலாந்து முதுகலை முடித்தவர்களுக்குத் தரும் இரண்டாண்டு வேலை விசாவைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கப்போகிறார்கள். அந்தக் கொஞ்ச காலத்தையாவது முழுதாகப் பயன்படுத்தவிட வேண்டாமா? 2024-25இல் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கு மேல். வளைகுடாவில் வெயிலில் வேகும் கொத்தனார் அனுப்பும் பணத்தை நாட்டின் பலம் என்று பொருளாதார அறிக்கையில் எழுதுகிறோம். அதே கொத்தனாரின் மகள் ஜெர்மனியில் ஆய்வகத்தில் வேலை பார்த்தால் அது இழப்பாகிவிடுகிறது.

இந்தத் திட்டங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. உண்மையான குறைகள் நிறைய உண்டு, அவற்றைப் பற்றித்தான் நாம் சண்டை போட்டிருக்க வேண்டும்.

2025 ஜூலையில் ஒன்றியத் திட்டத்துக்கு 106 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் வந்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு. அதற்குள் டெபாசிட் கட்ட வேண்டும், விசா எடுக்க வேண்டும், இங்கிலாந்து என்றால் மருத்துவக் காப்புத் தொகையாக ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். பிறகு எப்படி முடிந்திருந்தாலும், அந்த வாரங்களில் அந்த 66 வீடுகளில் தூக்கம் இருந்திருக்காது. மூளை வடிகிறதே என்று கவலைப்பட்ட எத்தனை பேர் அதற்காக ஒரு வரி எழுதினார்கள்?

2022இல் இன்னொரு விதி வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளில் ஆய்வு செய்ய இந்த உதவித்தொகை கிடையாது. அவற்றுக்கான ஆதாரங்கள் இங்கேயே இருக்கின்றனவாம். அமெரிக்கரும் ஜெர்மானியரும் வந்து சாதியை ஆராய்ந்து புத்தகம் எழுதலாம்; சேரியிலிருந்து போகும் மாணவி அதைப் பற்றிக் கொலம்பியாவில் ஆராயக் கூடாது. 1916 மே மாதம் கொலம்பியாவின் மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தையும் இயக்கத்தையும் பற்றியது. இந்த விதி அன்று இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்காக அவர் உதவித்தொகையை இழந்திருப்பார்.

வாழ்க்கைச் செலவுக்குத் தரும் பணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பல ஆண்டுகளாக இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு என்பதே கணக்கு, மாதம் 825. லண்டனில் படிக்கப்போகிறவர் மாதம் 1,483 பவுண்டாவது கையில் இருப்பதாகக் காட்டினால்தான் விசா தருவேன் என்றது 2025இல் இங்கிலாந்து அரசு. கொடுக்கும் பணத்தில் அங்கே வாழ முடியாது என்பதை இங்கிலாந்தின் விசா அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். நம் அமைச்சகத்துக்கு மட்டும் அது எட்டவில்லை. மீதியை அந்த மாணவி உணவகத்தில் தட்டு கழுவித்தான் ஈட்ட வேண்டும்.

ஆகவே, வரிப்பணத்தில் அக்கறையுள்ள அன்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான். உதவித்தொகைக் கடிதம் ஏப்ரலுக்குள் கைக்கு வரட்டும் என்று எழுதுங்கள். தலைப்புத் தடையை நீக்கச் சொல்லுங்கள். ஜாமீன்தாரரையும் பாண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வேண்டுமானால் படித்தவர் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சில ஆண்டுகள் ஆய்விலோ பாடத்திலோ இணைந்திருக்கட்டும், எந்த நாட்டில் இருந்தாலும். ஆய்வுக் கூலிக்குப் பிடித்தம் செய்யும் விதியைக் கிழித்துப் போடுங்கள். 125ஐ ஆயிரமாக்குங்கள். லண்டனுக்கு இங்கிலாந்தின் விசா அதிகாரி கேட்கும் தொகையை முழுதாகக் கொடுங்கள். அதற்கப்புறம் கணக்குக் கேளுங்கள், எல்லாரிடமும்.